போலாரிஸ் கப்பல்: பனித்திட்டில் மிதந்த 19 பேரில் அந்த "ஹன்னா" யார்?

திசைகாட்டி_மதுரை:

துருவப் பயணக் கதைன்னா எனக்குச் சோறு தண்ணி வேணாம். இப்போ போலாரிஸ் கப்பலைப் பத்திப் படிச்சுட்டு இருக்கேன். தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். அமெரிக்க அரசு 50,000 டாலர் ஒதுக்கி, சார்லஸ் பிரான்சிஸ் ஹால் தலைமையில 1871-ல வட துருவத்துக்கு அனுப்பின கப்பல் அது. 82 டிகிரி 11 நிமிஷம் வரைக்கும் போச்சு. அதுக்கு முன்னாடி எந்தக் கப்பலும் அவ்வளவு வடக்கே போனதில்ல. ஆனா முதல் குளிர்காலத்துலயே ஹால் இறந்துட்டார்.

அடுத்த வருஷம் ஊர் திரும்பற வழியில, அக்டோபர் 15 ராத்திரி, புயல். கப்பல் நசுங்கப் போகுதுன்னு பயந்து சாமானையெல்லாம் பனி மேல இறக்கிட்டு இருந்தாங்க. பனி பிளந்து கப்பல் இருட்டுக்குள்ள அடிச்சுட்டுப் போயிடுச்சு. 19 பேர் ஒரு மிதக்கற பனித்திட்டுல மாட்டிக்கிட்டாங்க. ஸ்மித் சவுண்டுல ஆரம்பிச்சு லாப்ரடார் வரைக்கும், ஆறரை மாசம், சுமார் 2,900 கிலோமீட்டர். 1873 ஏப்ரல் 30 அன்னிக்கு டைக்ரெஸ்னு ஒரு சீல் வேட்டைக் கப்பல் பார்த்துக் காப்பாத்துது. 19 பேரும் உயிரோட!

என் கேள்வி இதுதான். நான் படிக்கறதுல எல்லாமே டைசன்ங்கற அதிகாரியைச் சுத்தியே போகுது. நடுவுல "ஜோ, ஹன்னா"ன்னு ஒரு எஸ்கிமோ தம்பதி வந்து வந்து போறாங்க. ஜோ சீல் அடிச்சார், ஹன்னா விளக்கு ஏத்தினாங்க, அவ்வளவுதான். ஆனா ஒரு இடத்துல, ஹன்னா விக்டோரியா ராணியை நேர்ல பார்த்தவங்கன்னு ஒரு வரி! அப்புறம் அதைப் பத்திப் பேச்சே இல்ல. அது நிஜமா? அவங்க யாரு, கரை ஏறின பிறகு என்ன ஆனாங்க? யாராவது படிச்சிருந்தா சொல்லுங்க.

கடலோடி:

ராணி விஷயம் எனக்குத் தெரியாது, வேற யாராவது சொல்லட்டும். பனித்திட்டு பத்தி மட்டும் ரெண்டு வார்த்தை.

அந்த 19 பேர்ல 9 பேர் இனுயிட், நீங்க எஸ்கிமோன்னு சொன்ன அந்த மக்கள்தான். ஒரு குடும்பம் இல்ல, ரெண்டு குடும்பம். ஜோ, ஹன்னா, அவங்க வளர்ப்பு மகள் ஒண்ணு. ரெண்டாவது, கிரீன்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹென்ட்ரிக், அவர் மனைவி, நாலு பிள்ளைங்க. கடைசிப் பிள்ளை அந்த ஆகஸ்ட்லதான் கப்பல்லயே பிறந்தது. அதாவது கைக்குழந்தையோட ஆறரை மாசம் பனி மேல.

வேட்டை தெரிஞ்ச ஆள் ரெண்டே பேர், ஜோவும் ஹான்ஸும். சீல்னா வெறும் கறி இல்ல. அதோட கொழுப்புதான் விளக்குக்கு எண்ணெய். அந்த விளக்கு எரிஞ்சாதான் பனிக்கட்டியை உருக்கிக் குடிதண்ணி. சீல் கிடைக்கலைன்னா சோறு, வெளிச்சம், தண்ணி மூணும் இல்ல. கூட இருந்த மாலுமிங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கையில இருந்ததே ரெண்டு படகு, அதுல ஒண்ணை உடைச்சு விறகாக்கிட்டாங்க. ஏப்ரல்ல திட்டு தேய்ஞ்சு உடைஞ்சப்போ, ஏழெட்டுப் பேர் உக்கார்ற ஒத்தைப் படகுல 19 பேரும் ஏற வேண்டியதாப் போச்சு. கடல்ல பொழப்பு நடத்தினவன்ங்கற முறையில சொல்றேன், படகை விறகாக்கினவனைக் கப்பல்லயே சேர்க்கக் கூடாது.

நல்லூராள்:

தம்பி திசைகாட்டி, ராணியைக் கண்டது உண்மைதான். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் கனடாவில, ஸ்கார்பரோவில ஆஸ்பத்திரியளில உரைபெயர்ப்பாளரா வேலை செய்யிறன். டொக்டருக்கும் எங்கட வயதுபோன சனத்துக்கும் நடுவில நிக்கிற வேலை. ஹன்னா எண்டது கப்பல்காரர் வைச்ச பேர், சொந்தப் பேர் டூக்குலிட்டோ. புருசன்ர பேர் இபீர்விக். அவவை எல்லாரும் "வழிகாட்டியின்ர மனிசி" எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவினம். அவ தொழிலால உரைபெயர்ப்பாளர். ஹால் இண்டைக்கு வரலாற்றில நிக்கிறது அவ காதால கேட்டு வாயால சொன்னதிலதான். இதை என்ர தொழில் அபிமானம் எண்டு சிரிச்சாலும் பரவாயில்லை.

1838 அளவில, இப்ப கனடாவின்ர வடக்கில இருக்கிற பாஃபின் தீவில, கம்பர்லண்ட் சவுண்ட் பக்கம் பிறந்தவ. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்துபோற கரை அது. அவவின்ர தமையன் ஒருத்தர் 1839-இலயே அப்படி ஒரு கப்பலில ஸ்கொட்லாந்து, அபர்டீன் வரைக்கும் போய்வந்தவர். 1853-இல ஒரு ஆங்கிலேய வியாபாரி டூக்குலிட்டோவையும் இபீர்விக்கையும் இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவவுக்குப் பதினைஞ்சு வயது. சனத்துக்குக் காட்சி காட்டத்தான் கொண்டுபோனது, அதில ஒளிப்புமறைப்பு இல்லை. 1854-இல வின்ட்சர் அரண்மனைக்குக் கூட்டிப்போய் விக்டோரியா ராணிக்கும் இளவரசர் ஆல்பர்ட்டுக்கும் முன்னால நிப்பாட்டினவை. கிட்டத்தட்ட ரெண்டு வருசத்தில ஊருக்குத் திரும்பேக்க அவவுக்கு நல்ல இங்கிலிஷ் வந்திட்டுது. கம்பளி பின்னவும் பழகி, அதை ஊர்ப் பெண்களுக்கும் சொல்லிக்குடுத்தவ.

ஹால் எண்டவர் சின்சினாட்டியில முத்திரை வெட்டிக்கொண்டும் பேப்பர் நடத்திக்கொண்டும் இருந்த மனுசன். கடல் அனுபவம் துப்புரவா இல்லை. 1845-இல வடக்கில கடல்வழி தேடி ரெண்டு கப்பலோட வெளிக்கிட்டுக் காணாமல்போன ஆங்கிலேயக் கப்டன் ஃபிராங்க்ளினின்ர ஆக்கள் எங்கேயோ உயிரோட இருக்கினம் எண்டு ஒரு பிடிவாதம். 1860-இல ஒரு திமிங்கிலக் கப்பலில தொத்திக்கொண்டு வடக்க வந்தார். அந்த நவம்பரில, கப்பல் அறைக்குள்ள இருந்து எழுதிக்கொண்டிருக்கேக்க, பின்னால ஒரு மென்மையான குரல் ஆங்கிலத்தில காலை வணக்கம் சொல்லுது. நல்லாப் படிச்ச சீமாட்டி ஆரோ எண்டு நினைச்சுத் திரும்பினாராம். சுருக்கு வைச்ச பெரிய பாவாடையும் தொப்பியுமா டூக்குலிட்டோ நிக்கிறா. ஹால் அசந்துபோனதை அவரே எழுதியிருக்கிறார். எங்கட ஆக்கள் ஆரும் வடிவா இங்கிலிஷ் கதைச்சால் சில டொக்டர்மார் திரும்பிப் பார்ப்பினமே, அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரியும்.

அந்தப் பழக்கத்தில அவ சொன்ன முறைப்பாடு ஒண்டும் பதிவில இருக்கு. திமிங்கிலக் கப்பல்காரர் வாய்க்கு வந்தபடி தூஷணம் கதைக்கினம், அதைக் கேட்டு எங்கட சனமும் பழுதாப்போகுது எண்டு. வெள்ளைக்காரர் வந்து "நாகரிகம்" பழக்கினம் எண்டு சொல்லுற காலத்தில இவ சொன்னது இது.

இனித்தான் முக்கியமான விசயம். ஃப்ரோபிஷர் வளைகுடாவில நூறு வயது மதிக்கத்தக்க ஒரு கிழவியிட்ட ஹால் பழங்கதை கேக்கிறார். நடுவில டூக்குலிட்டோ. கிழவி சொல்லுறா: கன காலத்துக்கு முதல் வெள்ளைக்காரர் வந்தவை, முதல் வருசம் ரெண்டு கப்பல், அடுத்த வருசம் மூண்டு, பிறகு கனக்க. அஞ்சு பேர் இங்கயே விடுபட்டுப்போச்சினம். மார்ட்டின் ஃப்ரோபிஷர் எண்ட ஆங்கிலேய மாலுமி அங்க வந்தது 1576, 1577, 1578-இல. வருசத்துக்கு வருசம் கப்பல் கூடினதும் சரி, அஞ்சு மாலுமியள் காணாமல்போனதும் சரி. ஏறத்தாழ முந்நூறு வருசம் வாய்வழியா வந்த கணக்கு! பிறகு ஹால் கொட்லுனார்ன் எண்ட சின்னத் தீவுக்குப் போய்ப் பார்த்தால் நிலக்கரி, ஓட்டுத்துண்டு, வெட்டின கிடங்கு எல்லாம் கிடக்குது.

இந்த இடத்தில உரைபெயர்க்கிறவை தன்ரபாட்டுக்கு ஒரு எண்ணைக் கூட்டினாலோ, கேக்கிறவருக்குப் பிடிச்ச மாதிரிப் பதிலைத் திருப்பினாலோ கதை முழுக்கக் கோணிப்போம். எனக்குத் தெரியும், அந்த ஆசை வரும். டொக்டர் நல்ல பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது முகத்தில தெரியும். நோயாளி வேற ஏதோ சொல்லுறார். உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் வேணும்.

டூக்குலிட்டோவுக்கு இதைவிடக் கஷ்டம். ஹாலின்ர உயிரே ஃபிராங்க்ளின் ஆக்கள் உயிரோட இருக்கினம் எண்ட நம்பிக்கையிலதான் ஓடினது. 1864 முதல் 1869 வரை அஞ்சு வருசம், ரிபல்ஸ் பே பக்கம் பனி வீட்டில இருந்து, கண்ட சனத்தையெல்லாம் விசாரிச்சுத் திரிஞ்சார். மேற்கில இருந்து வந்த ஆக்களின்ர பேச்சுவழக்கு வேற, அதையும் அவதான் சமாளிக்கவேணும். கடைசியில 1869-இல கிங் வில்லியம் தீவில கண்டதும் கேட்டதும் ஒண்டுதான்: பட்டினி, எலும்பு, செத்த மனிசரைத் திண்டது. உயிரோட ஒருத்தரும் இல்லை. அந்தப் பதிலை ஹாலின்ர காதில போட்டது அவவின்ர குரல்.

இதுக்குள்ள அவ குடுத்த விலையையும் எழுதவேணும். 1862-இல கைக்குழந்தையோட ஹால் அவையை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய், நியூயோர்க்கில பார்னமின்ர காட்சிசாலையில சனத்துக்குக் காட்டினவர். அடுத்த பயணத்துக்குக் காசு சேர்க்கத்தான். 1863 தொடக்கத்தில அந்தக் குழந்தை செத்துப்போச்சு. ரெண்டாவது பிள்ளை வடக்கில, 1866-இல, பயணத்தில செத்தது. பிறகுதான் பனிக் எண்ட பெண்பிள்ளையைத் தத்தெடுத்தவை. பனித்திட்டில இருந்த மகள் அவதான்.

வடபழனி_ரவி:

அக்கா, அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா ஒரு சந்தேகம். இதெல்லாம் ஹால் எழுதின குறிப்புலேர்ந்து வர்றதுதானே? அவர் ஒண்ணும் சாமியார் இல்ல. 1868-ல தன்கூட இருந்த கோல்மேன்ங்கற மாலுமியை, கலகம் பண்றான்னு சொல்லிச் சுட்டவர். அந்த ஆளு பல நாள் கிடந்து செத்தான். ஹாலை ஒரு கோர்ட்டும் விசாரிக்கல. அப்பேர்ப்பட்டவர் எழுதினதை வெச்சு இந்தம்மாவை எடை போடலாமா? ரெண்டு குழந்தையைப் பறிகொடுத்த பிறகும் போலாரிஸ்ல ஏன் ஏறினாங்க?

நல்லூராள்:

கோல்மேனைச் சுட்டதை நானும் மறைக்கேல்லை தம்பி, கேள்வி வேற எண்டபடியால் எழுதாமல் விட்டது. ஹால் எழுதினதை மட்டும் பார்க்கவேணாம் எண்டுறது சரியான கதை. வேற சாட்சி இருக்கு.

ஒண்டு, கடலடியில கிடந்தது. ஃபிராங்க்ளினின்ர எரபஸ் கப்பலை 2014-இல கண்டுபிடிச்சவை. ஒரு கப்பல் தெற்குப் பக்கமா வந்து தாண்டது எண்டு இனுயிட் சனம் 19ஆம் நூற்றாண்டில சொன்ன பகுதியிலதான் அது கிடந்தது. அந்த வாக்குமூலங்களில ஒரு பங்கு டூக்குலிட்டோவும் இபீர்விக்கும் உரைபெயர்த்தது. நூற்றைம்பது வருசமா "காட்டுமிராண்டியளின்ர கதை" எண்டு தள்ளிவைச்சிருந்ததைச் சோனார் வந்து சரி எண்டு சொல்லுது.

மற்றது, அவவே நேர குடுத்த சாட்சியம். 1871 அக்டோபர் 24, ஹால் சறுக்குவண்டிப் பயணம் முடிஞ்சு கப்பலுக்கு வந்து ஒரு கோப்பி குடிச்சவர். உடனே வயிற்றைப் பிரட்டிச் சத்தி. ரெண்டு கிழமை பிதற்றலும் தெளிவுமாக் கிடந்து, நவம்பர் 8-இல செத்தார். தனக்கு நஞ்சு வைக்கினம் எண்டு கத்தினவர், கப்பல் டொக்டர் பெஸெல்ஸைக் கிட்ட விடமாட்டன் எண்டு நிண்டவர். அந்த ரெண்டு கிழமையும் பக்கத்தில இருந்து பார்த்தவையில டூக்குலிட்டோ ஒருத்தி. 1873 யூனில வாஷிங்டனில கடற்படை விசாரணை நடந்தபோது அவவையும் கூப்பிட்டுக் கேட்டவை. கோப்பியைப் பற்றி ஹால் சொன்னதை அவ அங்க சொன்னவ. அவவுக்கு நடுவில ஆரும் நிக்கத் தேவைப்படேல்லை. விசாரணை என்னவோ இயற்கை மரணம் எண்டு முடிச்சுப்போட்டுது. 1968-இல ஹாலின்ர புதைகுழியைக் கிரீன்லாந்தில தோண்டிப் பார்த்தால், கடைசி ரெண்டு கிழமையில உடம்புக்குள்ள போன ஆர்சனிக் நகத்திலயும் மயிரிலயும் கிடக்குது. ஆர் குடுத்தது, மருந்தெண்டு அவரே எடுத்ததோ எண்டது இண்டைக்கும் தீராத வழக்கு.

ஏன் திரும்பப் போனவ எண்டு கேட்டால், அவ எழுதிவைச்சுப்போட்டுப் போகேல்லை, நான் அவவின்ர வாயில வார்த்தை வைக்கமாட்டன். தொழில்புத்தி. ஒண்டு மட்டும் கவனியுங்கோ: அந்த நேரம் அவையின்ர வீடு கனெக்டிகட்டில, க்ரோட்டன் எண்ட ஊரில. திமிங்கிலக் கப்பல் கப்டன்மார் இருந்த ஊர். புருசனுக்குத் தெரிஞ்ச தொழில் கடலும் வேட்டையும். அவவுக்கு உரைபெயர்ப்பும் தையலும். ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தில வேலை குடுக்கிறது வடக்க போற கப்பல்தான்.

பனித்திட்டைப் பற்றிக் கடலோடி அண்ணை எழுதினதோட ஒரு சங்கதி. துவக்குகளை மாலுமியள் தங்கட கையில வைச்சிருந்தவை. சாப்பாடு குறையக் குறைய, பசி முத்தினால் முதல் எங்கட பிள்ளையளிலதான் கைவைப்பினம் எண்ட பயம் இனுயிட் குடும்பங்களுக்கு இருந்தது. டைசன் அதைக் குறிப்பேட்டில எழுதியிருக்கிறார். அந்தப் பயத்தோடதான் இபீர்விக் விடிய எழும்பி அதே ஆக்களுக்குச் சீல் தேடிப்போனவர். டூக்குலிட்டோ அந்தக் கொழுப்பு விளக்கைத் திரி சரிபார்த்துச் சரிபார்த்து எரியவைச்சவ. கையளவு விளக்கில பனியை உருக்கி, சாப்பாட்டைச் சூடாக்கி, நனைஞ்ச சப்பாத்தை உலர்த்தி எல்லாம் செய்யவேணும். "விளக்கு ஏத்தினா" எண்டு ஒரு வரியில எழுதினவை ஒருக்கால் அதைக் கொளுத்திப் பார்க்கவேணும்.

டைசன் எழுதினதில எனக்கு மறக்காதது பனிக் சொன்னது. ஒருநாள் அவரை வடிவா உத்துப் பார்த்துக்கொண்டிருந்திட்டு, "நீங்கள் வெறும் எலும்புதான்" எண்டு சொன்னவளாம். ஆறேழு வயதுப் பிள்ளை. ஆறரை மாதத்தில டைசனுக்கு ஆரும் அவ்வளவு சுருக்கமா நிலைமையைச் சொல்லியிருக்கமாட்டினம்.

திசைகாட்டி_மதுரை:

அக்கா, ரொம்ப நன்றி. டைசனை விட்டுட்டு முதல்ல இருந்து படிக்கணும் போல. கரை ஏறின பிறகு?

நல்லூராள்:

க்ரோட்டனுக்குத் திரும்பிப் போச்சினம். அவ தையல் வேலை செய்தவ, பனிக் அங்க பள்ளிக்கூடம் போனவள். இபீர்விக் அதே கோடையில போலாரிஸைத் தேடப்போன கப்பலில ஏறிட்டார், பிறகு பண்டோரா எண்ட கப்பலில. பனிக் 1875-இல, ஒன்பது வயதில செத்தாள். டூக்குலிட்டோ 1876 டிசம்பர் 31-இல, முப்பத்தெட்டு வயதில. கன வருசமா இருமலோட இருந்தவதான். க்ரோட்டன் ஸ்டார் மயானத்தில அவவின்ர கல் இருக்கு, பிள்ளையளின்ரயும் அங்கதான். இபீர்விக் 1878-இல ஷ்வாட்கா எண்ட அமெரிக்கரோட ஃபிராங்க்ளின் ஆக்களின்ர தடயம் தேடித் திரும்ப வடக்க போனவர், பிறகு வடக்கிலயே நிண்டிட்டார்.

1981-இல கனடா அரசு ரெண்டு பேரையும் தேசிய வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தவை எண்டு அறிவிச்சது. ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் அறிவிச்சது. எனக்கு அவவுக்குத் தனியா ஒண்டு வேணும், ஆனால் அது ஒட்டாவாவுக்கு எழுதவேண்டிய கடிதம், இங்க எழுதி என்ன.

வடபழனி_ரவி:

வாக்குமூலம் தந்த தகவல் எனக்குப் புதுசு அக்கா. அப்போ ஹான்ஸ் ஹென்ட்ரிக்கை யாரும் விசாரிக்கலையா? அவர் குடும்பம்?

கடலோடி:

ரவி, ஹான்ஸ் தனிக் கதை. குடும்பத்தோட கிரீன்லாந்துக்கே திரும்பிட்டார். மனுஷன் அதோட நிக்கல. 1853-ல கேன், 1860-ல ஹேய்ஸ், அப்புறம் போலாரிஸ், 1875-ல நேர்ஸோட பிரிட்டிஷ் பயணம்னு நாலு பயணம் போனவர். தன் வாழ்க்கையைத் தன் மொழியிலயே எழுதிவெச்சார், 1878-ல அது இங்கிலீஷ்ல வந்துச்சு. வெள்ளைக்கார கேப்டனுங்க சண்டை போட்டுக்கறதை ஓரமா நின்னு பார்த்த ஆள் எழுதினதுன்னா எப்படி இருக்கும்? எனக்கு டைசனை விட அதுதான் ருசி.

கிரீன்லாந்துக்கும் எல்ஸ்மியர் தீவுக்கும் நடுவுல அவர் பேர்ல ஒரு பாறைத் தீவு இருக்கு, ஒன்றே கால் சதுர கிலோமீட்டர் சொச்சம். அதுக்காகக் கனடாவும் டென்மார்க்கும் வருஷக்கணக்கா மாத்தி மாத்திக் கொடி நட்டு, பாட்டில் வெச்சுட்டு வந்துட்டு இருந்தாங்க. 2022-ல ஆளுக்குப் பாதின்னு கோடு போட்டுப் பிரிச்சுக்கிட்டாங்க. தனி இழை ஆரம்பிங்க, எழுதறேன். நல்லூர் அக்காவையும் கூப்பிடுங்க.